கடிகாரம் மாறும்போது குழந்தையின் நித்திரை

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஒரு வீட்டிலே இரண்டு வயதுக் குழந்தை எப்பொழுது விழித்தெழும் என்று கேட்டால், வீட்டார் மணிக்கணக்கில் விடை கூறுவது குறைவு. கோழி கூவியதும் எழும் என்பர். கோயில் மணி கேட்டதும் எழும் என்பர். முற்றம் கூட்டும் ஓசைக்கு எழும் என்பர். மாலையிலும் அவ்வாறே. விளக்கு வைத்தபின் கைகால் கழுவிச் சோறூட்டி ஏணையிற் கிடத்தினால், நாலு முறை ஆட்டுமுன் கண் சொருகிவிடும். குழந்தையின் நாள் வெளிச்சத்தாலும் பசியாலும் வீட்டின் ஓசைகளாலும் அளக்கப்படுகின்றது. சுவரிலே தொங்கும் கடிகாரத்தை அது அறியாது.

ஆனால் அந்தக் கடிகாரத்தைப் பெரியவர்கள் சில வேளைகளில் முன்தள்ளுகின்றனர். சில வேளைகளில் பின்னிழுக்கின்றனர். அப்பொழுது பெரியவர்களுக்கு ஏற்படுவது இரண்டொரு நாட் சோர்வு. குழந்தைக்கோ உண்ணும் வேளையும் உறங்கும் வேளையும் ஒருங்கே குலைகின்றன. அதன் காரணம் புரிந்துவிட்டால் அக்குலைவைப் பெரிதும் தவிர்க்கலாம்.

யாழ்ப்பாணம் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 9 பாகை 40 கலையில் உள்ளது. ஆனி மாதத்து நெடும் பகலுக்கும் மார்கழி மாதத்துக் குறும் பகலுக்கும் இங்கே உள்ள வேறுபாடு சுமார் 1 மணி 10 நிமிடந்தான். இலண்டனிலோ நெடும் பகல் பதினாறரை மணி நேரத்துக்கும் அதிகம். குறும் பகல் எட்டு மணி நேரத்துக்கும் குறைவு. இத்தகைய குளிர்நாடுகளிலேதான் பருவத்துக்குப் பருவம் கடிகாரத்தை மாற்றும் வழக்கம் தோன்றியது. நியூசிலாந்தின் பூச்சியியலறிஞர் ஜோர்ஜ் ஹட்சன் 1895 ஆம் ஆண்டிலும், இங்கிலாந்தின் கட்டட ஒப்பந்தக்காரர் வில்லியம் வில்லெற் 1907 ஆம் ஆண்டிலும் இந்த யோசனையை வெளியிட்டனர். கோடையில் மக்கள் உறங்கும்போதே விடிந்துவிடுகிறது. அவ்வெளிச்சத்தை மாலைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்பதே அவர்கள் எண்ணம். முதலாம் உலகப் போரின்போது எரிபொருட் சிக்கனம் கருதி ஜேர்மனி 1916 ஏப்ரில் 30 ஆம் நாள் அதனை நடைமுறைப்படுத்தியது. சில வாரங்களுக்குள் பிரித்தானியாவும் பின்பற்றியது.

பகலும் இரவும் ஏறக்குறைய ஒத்து நிற்கும் இலங்கையில் இவ்வழக்கத்துக்குப் பெரிய தேவையில்லை எனத் தோன்றலாம். எனினும் இலங்கைக் கடிகாரமும் பலமுறை மாறியிருக்கின்றது. நம் முன்னோர் சூரிய உதயத்திலிருந்து நாழிகை எண்ணினர். ஒரு நாழிகை 24 நிமிடம்; இரண்டரை நாழிகை ஒரு மணி. உதயம் முந்தினால் நாழிகைக் கணக்கும் முந்தும். அஃதாவது, கணக்கு சூரியனைப் பின்தொடர்ந்தது. 1906 ஆம் ஆண்டு தொடக்கம் கிறீனிச் நேரத்துக்கு ஐந்தரை மணி முந்திய நேரம் தீவு முழுவதற்கும் பொதுவாயிற்று. இந்நேரம் கிழக்கு நெடுங்கோடு எண்பத்திரண்டரைப் பாகைக்கு உரியது. யாழ்ப்பாணம் ஏறக்குறைய எண்பதாம் பாகையில் இருப்பதால், இங்கே சூரியன் உச்சிக்கு வருவது கடிகாரத்தின் பன்னிரண்டு மணிக்குச் சராசரியாகப் பத்து நிமிடம் பிந்தியே. அந்தச் சிறு வேறுபாட்டை எவரும் உணர்வதில்லை.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் 1942 ஜனவரி 5 ஆம் நாள் கடிகாரம் அரை மணி முன்தள்ளப்பட்டது. அவ்வாண்டு செப்ரெம்பரில் மேலும் அரை மணி முன்தள்ளப்பட்டது. போர் முடிந்தபின் 1945 ஒக்ரோபர் 16 ஆம் நாள் பழைய நிலை திரும்பியது.

அதன்பின் ஐம்பது ஆண்டுகள் அமைதியாய்க் கழிந்தன. 1996 ஆம் ஆண்டிலே மழை பொய்த்து, மலைநாட்டு நீர்த்தேக்கங்கள் வற்றி, நீர்மின் உற்பத்தி குன்றியது. மாலை மின்செலவைக் குறைக்கும் பொருட்டு மே 25 ஆம் நாள் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்தள்ளப்பட்டது. ஒக்ரோபர் 26 ஆம் நாள் அதில் அரை மணி பின்னிழுக்கப்பட்டது. எஞ்சிய அரை மணி ஏறக்குறைய பத்தாண்டு நீடித்து, 2006 ஏப்ரில் 15 ஆம் நாள், புத்தாண்டுக்கு மறுநாள், நீக்கப்பட்டது.

இம்மாற்றம் குடாநாட்டுக் குழந்தைகளை எந்நிலையில் வந்தடைந்தது என்பதை நினைத்துப் பார்த்தல் வேண்டும். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் வீடு வாசலை விட்டுத் தென்மராட்சிக்கும் அப்பாலும் இடம்பெயர்ந்தனர். மறு ஆண்டு ஏப்ரிலுக்குப் பின்னரே பெருந்தொகையானோர் வீடு திரும்பினர். பாயும் தலையணையும் இடம் மாறி, இராப்பொழுதின் ஓசைகளும் மாறி, மாதக்கணக்கில் நித்திரை குலைந்திருந்த குழந்தைகள் சொந்த வீட்டில் மீண்டும் கண்ணயரத் தொடங்கிய வேளையிலேதான் கடிகாரமும் மாறியது. மின்சாரத்தைச் சேமிப்பதற்காக வந்த மாற்றம் அது. யாழ்ப்பாணத்திலோ அந்நாட்களில் வீடுகளுக்கு மின்சாரம் இல்லை. ஜாம் போத்தலில் திரியிட்ட மண்ணெண்ணெய் விளக்கின் கீழே படித்த பிள்ளைகளும் புதிய மணிக்கு எழ வேண்டியவராயினர்.

ஆனி மாதத்திலே பழைய நேரப்படி யாழ்ப்பாணத்தில் ஏறக்குறைய 5.50க்கு விடியும், 6.30 அளவில் சூரியன் மறையும். புதிய நேரப்படி 6.50க்கு விடிந்து 7.30க்கு மறைந்தது. எட்டு மணிக்கு உறங்கிப் பழகிய குழந்தையை எட்டு மணிக்கே கிடத்தினால், இருள் சூழ்ந்து அரை மணி நேரமே ஆகியிருக்கும். அதன் உடலோ இன்னும் ஏழு மணிதான் என்று சொல்லும். கிடத்திய குழந்தை எழுந்து உட்காரும், தண்ணீர் கேட்கும், கதை கேட்கும், ஈற்றில் அழும். அடுத்த நாட் காலையிலோ ஆறு மணிக்கு எழுப்பினால் அதன் உடலுக்கு அது ஐந்து மணி. ஆகவே பிந்தி உறங்கி முந்தி எழுந்த குழந்தை இரு புறமும் நித்திரையை இழந்தது. ஒக்ரோபரில் அரை மணி பின்னிழுத்த பின்னரும், தை மாதத்தில் ஏழு மணி கடந்தே சூரியன் உதித்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருளில் எழுந்து இருளிற் குளித்து இருளிலேயே புறப்பட்டனர். 2006 ஆம் ஆண்டிலே பழைய நேரம் வேண்டும் என்று எழுந்த குரல்களுள், விடியுமுன் பிள்ளைகளை வீதிக்கு அனுப்பும் பெற்றோரின் குரலும் ஒன்று.

அக்காலத்து மற்றொரு நிகழ்ச்சியும் இங்கே நோக்கத்தக்கது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த வன்னிப் பகுதி 1996 ஆம் ஆண்டு மாற்றத்தை ஏற்கவில்லை. அங்கே பழைய நேரமே நிலவியது. 2002 ஆம் ஆண்டிலே கண்டி வீதி திறக்கப்பட்டபின், யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் பயணஞ் செய்தவர்கள் முகமாலையைக் கடந்ததும் அரை மணி பின்னுக்கும், ஓமந்தையைக் கடந்ததும் அரை மணி முன்னுக்கும் நேரத்தைக் கணக்கிட வேண்டியிருந்தது. புதிய நேரமா, பழைய நேரமா என்று கேட்பது அன்றாடப் பேச்சாயிற்று. தாயின் மடியில் இருந்த குழந்தை மட்டும் எந்தச் சோதனைச் சாவடியிலும் நேரம் மாறவில்லை. பால் கேட்கும் வேளையில் பால் கேட்டது; கண் சொருகும் வேளையில் உறங்கியது.

அப்படியானால் குழந்தையின் உள்ளே இருக்கும் அந்த மாறாத கடிகாரம் யாது? 1729 ஆம் ஆண்டிலே பிரெஞ்சு வானியலறிஞர் தெ மேரான் ஒரு தொட்டாற்சுருங்கிச் செடியை இருட்டறையில் வைத்துப் பார்த்தார். பகலில் இலை விரித்து இரவில் மூடும் இயல்புள்ள அச்செடி, சூரிய ஒளி சிறிதும் படாத இடத்திலும் அவ்வவ் வேளைக்கு விரிந்து மூடிற்று. உயிர்களின் உள்ளேயே நாள்முறைக் கடிகாரம் ஒன்று உண்டு என்பதற்கு அது முதற் சான்றாயிற்று. அக்கடிகாரத்தை உயிரணுக்களுக்குள் இயக்கும் நுட்பத்தைக் கண்டறிந்தமைக்காக ஹோல், றொஸ்பாஷ், யங் என்னும் மூன்று அமெரிக்க அறிஞர்கள் 2017 ஆம் ஆண்டு நொபெல் பரிசு பெற்றனர்.

மனிதனிடத்தே இதன் தலைமைக் கடிகாரம் மூளையின் அடிப்பகுதியில், இரு கண்களின் நரம்புகளும் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே இருக்கின்றது. அரிசி மணியிலும் சிறிய நரம்பணுத் தொகுதி அது. தானாக ஓடவிட்டால் இருபத்து நான்கு மணியிலும் சிறிது கூடுதலான நேரத்தில் ஒரு சுற்றை முடிக்கும். ஆதலால் ஒவ்வொரு நாளும் அதனைச் சரிசெய்தல் வேண்டும். அவ்வேலையைச் செய்வது வெளிச்சம். காலை வெளிச்சம் அதனை முன்தள்ளுகின்றது. மாலை வெளிச்சம் பின்னிழுக்கின்றது. இருள் வந்ததும் மெலற்றோனின் என்னும் சுரப்பு பெருகி, உடலை நித்திரைக்கு ஆயத்தஞ் செய்கின்றது. சிறுவர்களின் கண்கள் பெரியவர்களின் கண்களைவிட அதிக வெளிச்சத்தை உள்ளே விடுவன. ஆகவே இரவிலே ஒளிமிக்க விளக்கின் கீழோ கைத்தொலைபேசித் திரையின் முன்போ இருக்கும் குழந்தைக்கு அச்சுரப்பு பெரிதும் தடைப்படுகின்றது.

பிறந்து இரண்டு மூன்று மாதம் ஆகாத சிசுவுக்கு இக்கடிகாரம் இன்னும் உறுதிப்படவில்லை. இரவும் பகலும் அதற்கு ஒன்றே. பால் குடித்தலும் உறங்குதலுமே அதன் நாள். எனவே கடிகாரம் மாறினால் அச்சிசுவுக்காக எதுவும் செய்ய வேண்டியதில்லை. மூன்று மாதம் கடந்து, நித்திரைக்கு ஒழுங்கு ஏற்பட்ட பின்னரே மாற்றம் உறைக்கும். ஒரு வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடைப்பட்ட குழந்தைகளை அது மிகுதியாய் வருத்தும்.

நாள் முழுவதுக்கும் எவ்வளவு நித்திரை வேண்டும் என்பதையும் பெற்றோர் அறிதல் நன்று. நான்கு மாதம் முதல் ஒரு வயது வரை 12 முதல் 16 மணி; ஒன்று முதல் இரண்டு வயது வரை 11 முதல் 14 மணி; மூன்று முதல் ஐந்து வயது வரை 10 முதல் 13 மணி; ஆறு முதல் பன்னிரண்டு வயது வரை 9 முதல் 12 மணி என்று நித்திரை மருத்துவர்கள் வகுத்துள்ளனர். சிறு குழந்தைகளுக்குப் பகல் நித்திரையும் இக்கணக்கில் அடங்கும். மூன்று வயதுக் குழந்தையிடம் காலை எரிச்சலும் மாலை அடமும் காணப்பட்டால், குணக்கேடு என்று கடியுமுன் அது உறங்கிய மணியைக் கூட்டிப் பார்த்தல் வேண்டும்.

இலங்கையில் இன்று கடிகாரம் மாறுவதில்லை. ஆனால் யாழ்ப்பாணத்து மக்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வாழும் இலண்டன், பாரிஸ், ஒஸ்லோ, ரொறன்ரோ, மெல்பேண் ஆகிய நகரங்களில் ஆண்டுக்கு இருமுறை மாறுகின்றது. பிரித்தானியாவிலும் ஐரோப்பாவிலும் மார்ச் மாதத்து இறுதி ஞாயிறு ஒரு மணி முன்தள்ளி, ஒக்ரோபர் மாதத்து இறுதி ஞாயிறு மீண்டும் பின்னிழுக்கின்றனர். ரொறன்ரோவில் அது மார்ச் மாதத்து இரண்டாம் ஞாயிறும் நவம்பர் மாதத்து முதல் ஞாயிறும் நிகழும். மெல்பேணிலோ பருவம் எதிராதலின், ஒக்ரோபர் முதல் ஞாயிறு முன்தள்ளி ஏப்ரில் முதல் ஞாயிறு பின்னிழுப்பர்.

இவற்றுள் கடினமானது முன்தள்ளும் மாற்றமே. அதற்குரிய வழி எளிது. ஒரு மணியை ஒரே இரவில் மாற்றாமல் ஆறு கூறாகப் பிரித்தல் வேண்டும். மாற்றம் நிகழும் ஞாயிற்றுக்கு முந்திய திங்கட்கிழமை தொடங்கி, நாளுக்குப் பத்து நிமிடமாக முந்தச் செய்தால் சனிக்கிழமையோடு ஒரு மணியும் நிறைவுறும். ஞாயிறு காலையில் கடிகாரம் மாறும்போது குழந்தை ஏற்கெனவே மாறியிருக்கும்.

இங்கே பலர் ஒரு தவறு செய்கின்றனர். படுக்கும் நேரத்தை மட்டும் முந்தச் செய்து, எழும் நேரத்தை அப்படியே விட்டுவிடுகின்றனர். நித்திரை வராத குழந்தையைக் கிடத்துவதால் விளைவது அழுகையே. முதலில் மாற்ற வேண்டியது எழும் நேரம். காலையில் பத்து நிமிடம் முந்தி மென்மையாக எழுப்பி, திரையை நீக்கி வெளிச்சம் படச்செய்து, கூடுமானால் வெளியே கொண்டுசெல்ல வேண்டும். அந்தக் காலை வெளிச்சமே உள்ளிருக்கும் கடிகாரத்தை முன்தள்ளும் கை. முந்தி எழுந்த குழந்தைக்கு மாலையில் தானாகவே முந்தி நித்திரை வரும். உணவு, பகல் நித்திரை, குளிப்பு, கதை ஆகியவற்றையும் அதே பத்து நிமிடத்தால் முந்தச் செய்தல் வேண்டும். குழந்தைக்குக் குளிப்பும் கதையுமே மணியோசை. அவற்றின் வரிசை மாறாதிருந்தால் நேரம் மாறியதை அது பெரிதாய்க் கொள்ளாது.

பின்னிழுக்கும் மாற்றத்தில் இதற்கு எதிரான தொல்லை உண்டு. ஆறு மணிக்கு எழும் குழந்தை புதிய கடிகாரப்படி ஐந்து மணிக்கே எழுந்து வீட்டாரை எழுப்பும். அப்பொழுது நாளுக்குப் பத்து நிமிடமாகப் பிந்தச் செய்தல் வேண்டும். மாலையில் சிறிது நேரம் வெளிச்சத்தில் விளையாட விடலாம். விடியற்காலையில் அறையை இருளாக வைத்து, முந்தி எழுந்தாலும் விளக்கேற்றாமல், உடனே உணவு கொடுக்காமல் அமைதியாய்ப் படுத்திருக்கச் செய்தல் நன்று. ஐந்து மணிக்குப் பால் கிடைக்கும் என்று வயிறு கற்றுக்கொண்டால், அது நாடோறும் ஐந்து மணிக்கே எழுப்பும்.

ஒஸ்லோ போன்ற வடநகரங்களில் வேறோர் இடையூறும் உண்டு. அங்கே ஆனி மாதத்தில் இரவு பத்தரை மணிக்குப் பின்னரே சூரியன் மறைகின்றது. வெளியே வெயில் இருக்கும்போது உறங்கச் சொல்வது குழந்தைக்கு விளங்காது. தடித்த திரையிட்டு, படுக்குமுன் ஒரு மணி நேரமாவது வீட்டைச் செயற்கையாய் மங்கச் செய்தலே வழி. யாழ்ப்பாணத்தில் இயற்கை தானே செய்யும் வேலையை அங்கே தாய்தந்தையர் கையாற் செய்ய வேண்டியிருக்கின்றது.

இவ்வொழுங்கில் யாழ்ப்பாணத்துப் பாட்டன் பாட்டிமாருக்கும் பங்கு உண்டு. ரொறன்ரோவிற் குளிர்காலத்து இரவு எட்டு மணி யாழ்ப்பாணத்தில் மறுநாட் காலை 6.30. உறங்கப் போகுமுன் பேரனின் முகத்தைத் தொலைபேசித் திரையிற் காண்பது காலைத் தேநீரோடு கூடிய வழக்கமாகிவிடுகின்றது. மார்ச் மாதத்து இரண்டாம் ஞாயிறு வந்ததும் அதே 6.30, ரொறன்ரோவில் இரவு ஒன்பது மணியாகின்றது. இங்கே எதுவும் மாறவில்லை. ஆதலால் அம்மம்மா வழக்கம்போலவே அழைக்கின்றார். அங்கே குழந்தையை அவருக்காக விழிக்க வைத்திருக்கின்றனர். ஒளி வீசும் திரையும் பாசத்தின் ஆரவாரமும் சேர்ந்து, வரவேண்டிய நித்திரையைக் கலைத்துவிடுகின்றன. மறுநாள் அக்குழந்தை பாலர் பாடசாலையிற் சோர்ந்து கிடக்கும்.

இதற்கு அழைப்பை நிறுத்த வேண்டியதில்லை. கோடை மாதங்களில் 5.30க்கு அழைத்தல் வேண்டும். அல்லது குழந்தை விழித்தெழும் காலைப் பொழுதுக்கு அழைப்பை மாற்றிவிட வேண்டும். ரொறன்ரோவிற் கோடைக் காலை ஏழு மணி யாழ்ப்பாணத்தில் மாலை 4.30. இலண்டனிற் காலை 7.30, குளிர்காலத்தில் இங்கே பகல் ஒரு மணி. கோடையிற் பகல் பன்னிரண்டு மணி. இக்கணக்கை ஒரு தாளில் எழுதி நாட்காட்டியின் அருகே ஒட்டி வைத்தாற் போதும். ஆண்டுக்கு இருமுறை ஒரு மணி நேரத்தை விட்டுக்கொடுத்தல், கடல் கடந்த பேரப்பிள்ளைக்குப் பாட்டி கொடுக்கக்கூடிய நல்ல பரிசுகளுள் ஒன்று.

மேலும் சில எச்சரிக்கைகள் உண்டு. சில நாடுகளில் மெலற்றோனின் மாத்திரை கடைகளில் எளிதிற் கிடைக்கின்றது. வைத்தியரின் ஆலோசனை இன்றி அதனையோ நித்திரை தரும் வேறெந்த மருந்தையோ குழந்தைக்குக் கொடுத்தல் ஆகாது. இரவில் நன்றாய் உறங்கட்டும் என்று பகல் நித்திரையை அடியோடு நிறுத்துதலும் தவறு. மிகக் களைத்த குழந்தை எளிதில் உறங்குவதில்லை. அழுது கலங்கி, இடையிடையே விழித்து, முந்தி எழும். முன்கூட்டி ஆயத்தஞ் செய்ய மறந்துவிட்டவர்களும் கவலைப்பட வேண்டியதில்லை. மாற்றத்துக்குப் பின்னர் இதே முறையைத் தொடங்கலாம். பெரும்பாலான குழந்தைகள் ஒரு வாரத்துக்குள் சீர்ப்படுவர். பல வாரங்களாகியும் நித்திரை ஒழுங்குக்கு வராவிடின், அல்லது குறட்டையும் மூச்சுத் தடையும் காணப்படின், காரணம் கடிகாரமன்று. அக்குழந்தையை வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும்.

1996 ஆம் ஆண்டு மாற்றத்தின்போது யாழ்ப்பாணத்தில் ஏணையிற் கிடந்த குழந்தைகள் இன்று முப்பது வயதை எட்டியவர்கள். அவர்களிற் பலர் வெளிநாடுகளில் தாயாராகவும் தந்தையராகவும் இருக்கின்றனர். அன்று அவர்களை உறங்கச் செய்த அன்னையருக்கு மூளையிலுள்ள கடிகாரம் பற்றி எவரும் கூறவில்லை. ஆயினும் விளக்கைத் தணித்து, கைகால் கழுவி, அதே ஏணையில், அதே தாலாட்டை அதே வரிசையிற் பாடி, குழப்பம் மிகுந்த காலத்திலும் குழந்தையின் இரவுக்கு ஓர் ஒழுங்கைக் கொடுத்தனர். மங்கிய வெளிச்சமும் மாறாத வரிசையுமே இன்று மருத்துவரும் கூறுவன. மணியை மாற்றும் அதிகாரம் அரசுகளின் கையில் உள்ளது. அந்த மாற்றத்தைக் குழந்தைக்குப் பத்துப் பத்து நிமிடமாகப் பக்குவப்படுத்திக் கொடுக்கும் அதிகாரம் வீட்டாரின் கையில் உள்ளது.